அப்பாவின் கணினியோடு ரிச்சி தெருவில் ஒரு பகல்

2025 கார்த்திகை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இரவு பெய்த மழையில் அண்ணா சாலை இன்னும் காயவில்லை. சிபியு பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சைதாப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் வந்து ரிச்சி தெரு முனையில் இறங்கினேன். மனத்தில் ஒரே கேள்வி: விண்டோஸ் 10இல் ஓடிக்கொண்டிருக்கும் இந்த வீட்டுக் கணினிக்கு விண்டோஸ் 11 போடலாமா, வேண்டாமா?

2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10க்கு, 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. கணினி நின்றுவிடாது. மறுநாளும் திறக்கும், எழுத விடும், அச்சடிக்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மாதாந்திர அப்டேட் இனி தானாக வராது. எங்கள் வீட்டில் இந்தச் செய்தி மூன்று பேருக்கு மூன்று விதமாகக் கேட்டது. பிளஸ் டூவில் பைத்தான் படிக்கும் மகளுக்கு, மெதுவான கணினியைத் தலைமுழுக ஒரு வாய்ப்பு. பணம் கட்டும் வேலையெல்லாம் செய்யும் எனக்கு ஒரு பயம். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அப்பா மட்டும் ஒரே கேள்விதான் கேட்டார். “என் எழுத்தெல்லாம் அப்படியே இருக்குமாப்பா?”

அப்பா இருபது ஆண்டுகளாகச் செய்யாறு பக்கத்துச் சொலவடைகளையும் தாலாட்டு, ஒப்பாரிப் பாடல்களையும் சேகரித்துவருகிறார். சொல்லிக் கொடுத்த பாட்டிகளில் பலர் இப்போது இல்லை. எல்லாம் இந்தக் கணினியில்தான், 312 கோப்புகளாக இருக்கிறது.

ரிச்சி தெரு ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர்போன இடம். இன்றைக்கு ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்து ஒரே கடைத்தெரு மாதிரி. சிசிடிவி கேபிள் சுருள்களை இறக்கும் மினி லாரி, நடைபாதையில் ரிமோட்டுகளைப் பரப்பியிருப்பவர், ஒரு கையில் மதர்போர்டும் மறுகையில் டீயுமாக ஓடும் பையன் என்று பத்தரை மணிக்கே நெரிசல். “என்ன சார், லேப்டாப்பா, பிரிண்டரா?” என்ற குரல்கள் இரண்டு பக்கமும் வந்துகொண்டே இருக்கும்.

முதலில் ஏறிய கடையில் பையைக்கூடப் பிரிக்கச் சொல்லவில்லை. “லெவன் போடணுமா? ஐந்நூறு ரூபா சார். ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்.” லைசென்ஸ் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் ஆக்டிவேட் பண்ணிக் குடுத்துடுவோம்.” அப்படி ஆக்டிவேட் செய்யும் திருட்டு மென்பொருள்கள் பெரும்பாலும் முதல் வேலையாக வைரஸ் பாதுகாப்பை அணைக்கச் சொல்கின்றன. பாதுகாப்புக்காக மேம்படுத்தப் போய், பாதுகாப்பை அணைத்துவிட்டு வீடு திரும்புவதில் என்ன பொருள்? நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

நரசிங்கபுரம் தெருவில், ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய படிக்கட்டு. முதல் மாடியில் பத்துக்குப் பத்து அறை. முப்பது வயதிருக்கும் ஒருவர் சாலிடரிங் வேலையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “டேட்டாவை எங்க சார் வச்சிருக்கீங்க? வேற எதுலயாவது காப்பி இருக்கா?” அந்தக் கேள்விக்காகவே அங்கே உட்காரலாம் என்று தோன்றியது. இருக்கிறது, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நேற்றிரவுதான் எடுத்தேன் என்றேன். “எழுத்துருவும் எடுத்தீங்களா?” என்று கேட்கவில்லை அவர். அதை நானே சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு.

2016இல் இந்தக் கணினியை வாங்கியபோது, பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலிருந்து எல்லாவற்றையும் மாற்றித் தருவதாக ஒரு கடைக்காரர் சொன்னார். டி டிரைவில் இருந்த கோப்புகளைப் பத்திரமாக நகலெடுத்துக் கொடுத்தார், சி டிரைவை ஃபார்மட் செய்துவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பா ஒரு கோப்பைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், அடைப்புக்குறிகள். அப்பா தட்டச்சு ஹையர் வரை தமிழில் தேறியவர். கையில் படிந்த விசைகளை விடாமல் எழுதலாம் என்பதற்காகப் பாமினி எழுத்துருவைப் பிடித்துக்கொண்டவர். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினியைப் பொறுத்தவரை தமிழ் என்று ஒன்று கிடையாது. ‘அம்மா’ என்ற சொல் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இருந்ததோ சி டிரைவில், விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறைக்குள். போர்வை போனதும் தமிழும் போனது. நண்பர் ஒருவரிடமிருந்து எழுத்துருவை வாங்கிப் பதியும்வரை நான்கு நாள் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த முறை ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுசாக எடுத்துவைத்திருந்தேன்.

அந்தக் கடைக்காரத் தம்பி பெட்டியைத் திறந்து தூசியை ஊதிவிட்டு, மானிட்டரில் இணைத்தார். பழைய ஹார்ட் டிஸ்க் கரகரத்தபடி விண்டோஸைத் திறந்து முடிக்கக் கிட்டத்தட்ட நான்கு நிமிடம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. பிறகு சிஸ்டம் பக்கத்தைத் திறந்து ஒரு வரியை விரலால் காட்டினார். “சார், இது முப்பத்திரண்டு பிட் விண்டோஸ்.”

ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாது. அப்பாவுக்குப் போன் போட்டபோதுதான் விளங்கியது. சொலவடைகளை அகரவரிசையில் அடுக்க அவருடைய பழைய மாணவர் ஒருவர் எழுதிக் கொடுத்த சின்ன டாஸ் புரோகிராம் ஒன்று உண்டு. பாமினியில் எழுதியதைக் கணினி ஆங்கில எழுத்துகளாகவே பார்ப்பதால், சாதாரணமாக அடுக்கச் சொன்னால் தமிழ் வரிசை தாறுமாறாகிவிடும். அதற்காகவே எழுதப்பட்ட புரோகிராம் அது. அந்த 16 பிட் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் ஓடாது. அதனால் 2016இல் அப்பாதான் 32 பிட் போடச் சொல்லியிருக்கிறார்.

இதோடு மூன்று முடிச்சு விழுந்தது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு இருக்கிற இடத்திலேயே ஏறவும் முடியாது, துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். மூன்றாவது, நான் கூடுதல் ராம் போடலாம் என்று நினைத்து வந்ததும் வீண். வீட்டு விண்டோஸின் 32 பிட் பதிப்பு 4 ஜிபிக்கு மேல் ராமைப் பயன்படுத்திக்கொள்ளாது. ஏற்கெனவே இருப்பதே 4 ஜிபி.

“பிராசசரைப் பார்ப்போம்” என்றார் தம்பி. ஐ3-6100. இதை வீட்டிலேயே யாரும் பார்த்துக்கொள்ளலாம். இன்டெல் கோர் வகை மேசைக்கணினிப் பிராசசர்களில் கோட்டுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம் எத்தனையாவது தலைமுறை என்பதைச் சொல்லும். 6100 என்றால் ஆறாவது. 10400, 12400 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொள்ளும் இன்டெல் பிராசசர்கள், ஏழாவது தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகள் தவிர, எட்டாவது தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஏஎம்டி என்றால் ஏறக்குறைய ரைசன் 2000 வரிசையிலிருந்து. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் ஆகியவை பெரிய தடையல்ல. பிராசசரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும்தான் பழைய கணினிகளை வாசலில் நிறுத்துகின்றன.

டிபிஎம் என்பது மதர்போர்டிலோ பிராசசருக்குள்ளேயோ இருக்கும் சின்னப் பெட்டகம். கணினியின் ரகசியச் சாவிகள் அதற்குள் பூட்டியிருக்கும். கணினி திறக்கும்போது இடையில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்குச் சாட்சியாகவும் அது நிற்கும். எங்கள் கணினியில் இல்லை என்றே நினைத்திருந்தேன். தம்பி பயாஸுக்குள் போய் இன்டெல் பிடிடி என்ற ஒன்றை இயக்கியதும் டிபிஎம் 2.0 எழுந்து வந்துவிட்டது. பலருடைய கணினியில் இது தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட கணினி வைத்திருந்து ‘டிபிஎம் இல்லை’ என்ற செய்தியைப் பார்ப்பவர்களை, புதுக் கணினி வாங்கக் கிளம்புமுன் பயாஸை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

எங்களுக்கு டிபிஎம் வந்தும் பயனில்லை, ஆறாம் தலைமுறை தடுக்கிறது. “குறுக்கு வழி இருக்குல்ல?” என்றேன். “இருக்கு சார். ரூஃபஸ்ங்கிற டூல்ல பென்டிரைவ் பண்ணா அந்தச் சோதனையெல்லாம் தாண்டிடும். நல்லாவும் ஓடும்.” அப்படிப் போட்ட ஒரு கணினி அங்கேயே சர்வீஸுக்கு வந்திருந்தது. வருடாந்திரப் பெரிய பதிப்பு அதற்குத் தானாக வருவதில்லை, ஒவ்வொரு முறையும் கையால்தான் போட வேண்டியிருக்கிறது. தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. தம்பியின் பென்டிரைவில் இருந்தது விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு. வீட்டுக் கணினிகளுக்கு அதன் ஆதரவு 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான்.

அந்தத் தேதியைக் கேட்டதும் எனக்குள் கணக்கு மாறியது. ஏனென்றால் விண்டோஸ் 10க்கே நீட்டிப்பு ஒன்று உண்டு. இஎஸ்யு என்று சொல்கிறார்கள். அதில் சேர்ந்தால் பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும் தொடர்ந்து வரும், அதுவும் சரியாக 2026 அக்டோபர் 13 வரை. வாசல் வழியாகவே அதே நாள் வரை உள்ளே இருக்கலாம் என்றால், எதற்குச் சுவர் ஏறிக் குதிக்க வேண்டும்?

எதுவுமே செய்யாமல் விட்டால்தான் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருந்தார். எனக்கு 2017 நினைவிருக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வான்னாகிரை கிளம்பியது. அப்டேட் போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள். போடாத கணினிகளில் கோப்புகள் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்கும் திரை வந்தது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இரண்டு மாத இடைவெளிதான். 312 கோப்புகளை வைத்துக்கொண்டு நான் அந்தச் சூதாட்டத்துக்குத் தயாராக இல்லை.

பன்னிரண்டரைக்குள் முடிவு செய்துவிட்டோம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அப்படியே உறையில் போட்டு வைத்துவிடுவது, அதில் யாரும் கைவைக்கக் கூடாது. புதிதாக 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. அதில் விண்டோஸ் 10, 64 பிட். ஏற்கெனவே இருக்கும் லைசென்ஸ் 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் செல்லும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. ராம் விலைதான் திகைக்க வைத்தது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் உலகம் முழுக்க விலை ஏறிக்கொண்டிருந்தது. போன மாத விலைச்சீட்டு இந்த மாதம் செல்லாது என்றார் தம்பி. கழற்றி விற்ற கணினியிலிருந்து வந்த ஒரு 4 ஜிபியை 800 ரூபாய்க்குத் தேடிக் கொடுத்தார். எஸ்எஸ்டிக்கும் கூலிக்கும் சேர்த்து 2,400. மொத்தம் 3,200 ரூபாய்.

நிறுவல் ஓடும் நேரத்தில் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது கணினி பதினைந்து விநாடியில் திறந்தது. நம்பாமல் இரண்டு முறை அணைத்துத் திறக்கச் சொன்னேன். மகள் இத்தனை நாள் குறைபட்டுக்கொண்டது விண்டோஸைப் பற்றி அல்ல, சுழலும் அந்தப் பழைய டிஸ்க்கைப் பற்றி.

இஎஸ்யுவில் சேரும் இணைப்பு விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே வருகிறது. கணினியில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். அமைப்புகளை அந்தக் கணக்கில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் பணம் இல்லை. இல்லாவிட்டால் 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள், அதுவும் வேண்டாமென்றால் 30 டாலர். ஒரு கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம். எங்களுக்குச் செலவில்லாமல் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

கிளம்புமுன் தம்பி ஒரு பென்டிரைவைச் செருகினார். “அடுத்த வருஷத்துக்கு இதையும் பாத்து வச்சுக்கங்க சார்.” லினக்ஸ் மின்ட் 22. எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம், டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. இதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஆறாம் தலைமுறை, எட்டாம் தலைமுறை என்ற பாகுபாடு இல்லை. தமிழ்நாட்டில் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. லிப்ரே ஆபீஸில் அப்பாவின் கோப்பு ஒன்றைத் திறந்து, பாமினி எழுத்துருவை மட்டும் சேர்த்தோம். தாலாட்டு அப்படியே வந்து நின்றது. தமிழ்த் தட்டச்சுப்பொறி விசையமைப்பையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். பிரிண்டர்தான் சந்தேகம். எங்களுடைய பழைய லேசர் பிரிண்டரை வீட்டில் இணைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு அங்கேயே தெளிவான விஷயம் இது: 2026 அக்டோபரில் எந்த ஓஎஸ்ஸுக்குப் போனாலும், அதற்குள் அப்பாவின் எழுத்து பாமினியை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். யூனிகோடில் தமிழின் உயிரெழுத்துகளுக்கும் அகரமேறிய மெய்களுக்கும் கொம்பு, கால் போன்ற குறிகளுக்கும் சொந்தக் குறியீடு உண்டு. அங்கே ‘அ’ என்றால் ‘அ’தான். எழுத்துரு தொலைந்தாலும் வேறு எழுத்துருவில் தமிழாகவே தெரியும். 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. நம் வீடுகளுக்கு அந்த ஆணை இன்னும் வந்து சேரவில்லை.

மாலையில் வீட்டில் கணினியை இணைத்து அப்பாவை உட்கார வைத்தேன். என்எச்எம் ரைட்டர் என்ற இலவசச் செயலியில் பழைய தட்டச்சுப்பொறி விசையமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஐம்பது வருடப் பழக்கத்தில் விரல்கள் போகிற வழியிலேயே போயின. திரையில் வந்ததோ யூனிகோட் தமிழ். ஒரு பத்தி அடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கை மாறலையே” என்றார். அவருடைய டாஸ் புரோகிராமை டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் ஓட வைத்துவிட்டோம். ஆனால் யூனிகோடில் எழுதினால் அது தேவையே இல்லை, லிப்ரே ஆபீஸே தமிழ் அகரவரிசையில் அடுக்கும் என்று காட்டியபோது, அந்த மாணவருக்கு உடனே போன் போட்டுச் சொன்னார்.

பழைய கோப்புகளை மாற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி போன்றவை பாமினியை யூனிகோடாக நொடியில் மாற்றுகின்றன. ‘கொ’வில் ‘க’வுக்கு முன்னால் தனியாக அடிக்கப்பட்ட கொம்பைப் பிடித்து உரிய இடத்தில் வைக்கவும் அவற்றுக்குத் தெரிகிறது. சிக்கல் வேறு இடத்தில். அப்பா குறிப்புகளுக்கு நடுவே ஊர்ப்பெயரையோ ஆளின் முதலெழுத்தையோ ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். மாற்றிக்கு எது நிஜ ஆங்கிலம், எது தமிழின் வேஷம் என்று தெரியாது. அவையும் அர்த்தமில்லாத தமிழாகிவிடுகின்றன. பாடல் சொன்ன பாட்டியின் பெயருக்கு முன்னிருக்கும் முதலெழுத்து மாறிவிட்டால் அடுத்த தலைமுறையில் திருத்த ஆள் இருக்காது. அதனால் ஒவ்வொரு கோப்பையும் பழையதோடு பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். அப்பா பார்க்கிறார், நான் திருத்துகிறேன். ஒரு மாலையில் மூன்று கோப்புக்கு மேல் போவதில்லை.

உங்கள் வீட்டிலும் பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ எழுதிய கோப்புகள் இருக்கக்கூடும். குடும்ப வரலாறு, சங்கத்துத் தீர்மானங்கள், யாரோ ஒருவர் எழுதி வைத்த கோயில் குறிப்புகள் என்று ஏதாவது. ஓஎஸ்ஸை மாற்றக் கணினியை எந்தக் கடைக்கும் கொடுப்பதற்கு முன், சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் டெஸ்க்டாப்பில் இருப்பவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அந்த எழுத்துகளை எழுதியவர் இன்னும் உங்களோடு இருந்தால், மாற்றும் வேலையை இப்போதே அவருடைய பக்கத்தில் உட்கார்ந்து தொடங்குங்கள்.